வெளிநாட்டுப் பணத்தில் மீன் பண்ணை: கையெழுத்துப் போடுமுன் அறிய வேண்டியவை

ஹூண்டாய் நிறுவனம் 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றி, 1998-ல் முதல் சான்ட்ரோ காரை வெளியே விட்ட நாளிலிருந்து நம் வட்டாரத்துக் கடைகளின் சரக்குப் பட்டியலே மாறிப்போனது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் நீண்டன. ஒடிசா, வங்காளம், பீகார், அசாம் ஆட்கள் வந்து தங்கினார்கள். நல்லெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் கடுகெண்ணெய் டின் வந்தது. அவர்கள் கேட்கும் மீன் வஞ்சிரமும் அல்ல, சங்கராவும் அல்ல. ரோகு, கட்லா போன்ற குளத்து மீன். அது பெரும்பாலும் ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வருகிறது.

ஐஸ் மீனுக்கு இவ்வளவு கிராக்கி என்றால், உயிரோடு பிடித்துக் கொடுத்தால் எவ்வளவு போகும் என்ற கணக்கு வியாபாரிக்கு வராமல் இருக்குமா? கணக்கு சரிதான். முதல்தான் இல்லை. அந்த இடத்தில்தான் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அக்காள் மகன் தொலைபேசியில் வருகிறான். "மாமா, பணத்தை நான் அனுப்புகிறேன். நல்ல இடமாகப் பாருங்கள். இப்போதைக்கு உங்கள் பெயரிலேயே வாங்கிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான்.

பாசத்தோடு சொல்வதுதான். ஆனால் அந்தப் பேச்சுக்குள் இரண்டு சட்டங்களின் மீறல் அடங்கியிருக்கிறது. பணம் அனுப்புகிறவன் கடல் தாண்டி இருக்கிறான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, வருமான வரி நோட்டீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மாமா. எனவே மீன்வளத்துறையில் என்ன லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதைப் பிற்பாடு பார்ப்போம். அது இந்த விஷயத்தின் கடைசிப் பகுதி.

முதல் கேள்வி மீன் அல்ல, நிலம்

1973-ம் ஆண்டின் ஃபெரா சட்டத்துக்குப் பதிலாக வந்தது 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா. 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வேலைக்காகவோ தொழிலுக்காகவோ வெளிநாடு சென்று தங்கியவர், கையில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், ‘இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர்’தான். அவரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், அங்கீகாரம் பெற்ற மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகிய மூன்றை மட்டும் வாங்கக் கூடாது. தானமாகப் பெறுவதும் கூடாது.

"மீன் வளர்ப்பு விவசாயம் இல்லையே, குளம் வெட்டத்தானே வாங்குகிறோம்?" என்று சிலர் வாதம் செய்வார்கள். வாங்கிய பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பது இங்கே கேள்வி அல்ல. வாங்குகிற அன்று அந்த நிலம் என்ன என்பதே கேள்வி. பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருந்து, அடங்கலில் பயிர் ஏறியிருக்கும் நிலம் விவசாய நிலமே. தரகர் சொல்லும் சமாதானம் பத்திரப்பதிவு முடிகிறவரைக்கும்தான் நிற்கும்.

அப்படியானால் வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் விவசாய நிலம் இருக்கவே முடியாதா என்றால், முடியும். ஊரை விட்டுப் போகுமுன், இங்கே வசித்த காலத்தில் வாங்கியதை அவர் வைத்துக்கொள்ளலாம். தகப்பனார் காலத்துக்குப் பின் வாரிசாக வந்ததையும், உயில் மூலம் வந்ததையும் வைத்துக்கொள்ளலாம். இதில் நம் ஊர் வழக்கம் ஒன்று இடறுகிறது. தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வைப்பது இங்கே சகஜம். தமக்கு ஆயுள்கால அனுபவ உரிமையை நிறுத்திக்கொள்ளாமல் எழுதிய செட்டில்மெண்ட், தானமாகவே கொள்ளப்படும். மகன் துபாயில் இருக்கும்போது விவசாய நிலத்தை அப்படி எழுதினால் அது தடைக்குள் வரும். அதையே உயிலாக எழுதினால் வராது. எழுத்தர் இந்த வித்தியாசத்தைக் கேட்பதில்லை. நாம்தான் மகன் வெளிநாட்டில் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

வாரிசாக வந்த விவசாய நிலத்தை விற்பதானாலும், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்கலாம். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு விற்க முடியாது. இலங்கைக் குடிமக்களான உறவினர் உள்ள குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், சீனா, நேபாளம் உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள், ஓ.சி.ஐ. அட்டை இல்லாதபட்சத்தில், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே 5 ஆண்டுக்கு மிகாத குத்தகையைத் தவிர எந்த அசையாச் சொத்தையும் பெற முடியாது.

மீறினால் என்ன? சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 30 லட்ச ரூபாய் நிலத்துக்கு அது 90 லட்சம் வரை போகும். விசாரிப்பது அமலாக்க இயக்குநரகம். தவறு செய்தவர் தாமே முன்வந்து ரிசர்வ் வங்கியில் மனு செய்து சமரசத் தொகை கட்டித் தீர்த்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது.

மாமா பெயரில் வாங்கினால்?

அவன் பெயரில் வாங்க முடியாது என்றானதும் எல்லாரும் போகும் குறுக்கு வழி இது. இங்கே குறுக்கே நிற்பது 1988-ம் ஆண்டின் பினாமி பரிவர்த்தனைத் தடைச் சட்டம். 2016-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இது பல் முளைத்த சட்டம். ஒருவர் பணம் கொடுத்து, இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கி, பலன் பணம் கொடுத்தவருக்கே என்றிருந்தால் அது பினாமி. சொத்து பறிமுதல் ஆகும். தண்டனை ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், அத்துடன் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். இது பணம் கொடுத்தவருக்கு மட்டும் அல்ல, பெயர் கொடுத்தவருக்கும் உண்டு.

சட்டத்தில் சில விலக்குகள் இருக்கின்றன. கணக்கில் உள்ள பணத்தைக் கொண்டு மனைவி அல்லது கணவர் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் வாங்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோர் பெயரில் வாங்கும்போது, பணம் கொடுப்பவரின் பெயரும் கூட்டு உரிமையாளராக ஏதாவதொரு ஆவணத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் விவசாய நிலத்தில் கூட்டு உரிமையாளராகச் சேர ஃபெமா விடாது. ஆக இந்த விலக்கு அவருக்குப் பயன்படாது. தாய்மாமனோ இந்தப் பட்டியலிலேயே இல்லை.

"சரி, அன்பளிப்பாகவே கொடுத்துவிடுகிறேன், நீங்கள் உங்களுடையதாகவே வாங்குங்கள்" என்றால்? உண்மையான அன்பளிப்புக்குத் தடை இல்லை. வங்கி மூலம் பணம் வந்து, அன்பளிப்புக் கடிதம் இருந்து, வாங்கிய சொத்து நிஜமாகவே வாங்கியவருடையதாக இருந்தால் பினாமி ஆகாது. ஆனால் வருமான வரியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நம்மில் பலர் கேள்விப்படாதது. உறவினரிடமிருந்து வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது பொதுவிதி. யார் உறவினர் என்பதைப் பெறுகிறவர் பக்கமிருந்து பார்க்க வேண்டும். மருமகன் பணம் பெற்றால், கொடுக்கும் தாய்மாமன் அவனுக்கு உறவினர், வரி இல்லை. மாமன் பணம் பெற்றால், கொடுக்கும் அக்காள் மகன் சட்டப்படி உறவினர் அல்ல! ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் போனால் முழுத் தொகையும் மாமனுடைய வருமானத்தில் சேர்ந்து வரிக்கு உட்படும். 20 லட்சம் வந்தால் 20 லட்சமும்தான். மகன் தாயாருக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. தாயார் தம் பெயரில், தம் சொத்தாக வாங்கலாம். ஆனால் அது தாயாருடையதுதான். பிற்காலத்தில் மற்ற பிள்ளைகள் பங்கு கேட்டால், "பணம் நான் கொடுத்தது" என்ற பேச்சு எடுபடாது. எடுபட்டால் அது பினாமி என்று ஆகும். அக்காள் வீட்டில் உயில் எழுதச் சொல்லும் சங்கடமான வேலை மாமன் தலையில்தான் விழும்.

நேரான வழிகள்

எளிதானது குடும்ப நிலம். மருமகனுக்கு வாரிசாக வந்த காணி இருந்தால் அதில் குளம் வெட்ட நிலம் வாங்கும் சிக்கலே இல்லை. அந்த நிலத்தை மாமன் குத்தகைக்கு எடுத்துப் பண்ணை நடத்தலாம். அப்படிச் செய்யும்போது நம்மவர் தவறவிடுவது ஒன்று: வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுக்கும் குத்தகைப் பணத்தில் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர், கொடுக்கும் மாமன். மீன் குளத்துக்கான குத்தகை விவசாய வருமானம் ஆகாது. உள்ளூர்க்காரருக்கு வாடகை கொடுக்கும்போது இத்தனை ரூபாய் வரை பிடிக்க வேண்டாம் என்று வரம்பு உண்டே, அப்படி இதற்கு வரம்பு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் வட்டியோடு மாமன்தான் கட்ட வேண்டும்.

இரண்டாவது, இங்கே வசிப்பவர் தம் சொந்தத் தொழிலாகவே செய்வது. நிலத்தை விலைக்கு வாங்காமல் ஊர்க்காரரிடம் குத்தகைக்கு எடுக்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்வது பிற்பாடு வழக்கில் உதவாது. வெளிநாட்டில் இருப்பவர் கடனாகப் பணம் தருவதென்றால், அந்தக் கடனை எந்தத் தொழிலில் போடலாம் என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பங்குதாரராகச் சேர்வதிலும் அப்படியே. லாபத்தைத் திருப்பி எடுத்துச் செல்லாத அடிப்படையில் அவர் கூட்டு வியாபாரத்தில் முதல் போடலாம். விவசாயத் தொழில், தோட்டத் தொழில், நில வியாபாரம் ஆகியவற்றில் போடக் கூடாது. மீன் வளர்ப்பை அந்த ‘விவசாயத் தொழில்’ என்ற சொல்லுக்குள் சேர்க்கிறார்களா என்பதை, பணம் வந்து சேருமுன்பே உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் மனு கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

மூன்றாவது கம்பெனி. மீன் வளர்ப்பைப் பெயர் சொல்லியே, 100 சதவீத வெளிநாட்டு முதலீட்டை அரசின் முன் அனுமதி இல்லாமல் அனுமதிக்கும் தொழில்களின் பட்டியலில் மத்திய அரசு வைத்திருக்கிறது. ‘கட்டுப்படுத்தப்பட்ட சூழலில்’ வளர்க்க வேண்டும் என்று இருந்த நிபந்தனையும் 2016-ல் எடுக்கப்பட்டது. நம் நாட்டோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு மட்டும் 2020 ஏப்ரலில் தனிக் கட்டுப்பாடு வந்தது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு இயக்குநர் வேண்டும். ஒருவராவது ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருப்பவராக இருக்க வேண்டும். அந்த நாற்காலி மாமனுக்குத்தான் வரும், பொறுப்பும் அதோடு வரும். முதலீட்டுப் பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை போக வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை. பத்திருபது ஏக்கரில், குஞ்சுப் பண்ணையும் குளிர்பதனமும் சேர்த்துச் செய்பவருக்கு இது சரி. இரண்டு ஏக்கர் குளத்துக்குக் கம்பெனி தொடங்குவது, கால் கிலோ புளி கட்ட கோணிப்பை எடுப்பது போல என்பது என் அபிப்பிராயம்.

எந்த வழியானாலும் பவர் பத்திரம் வரும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ, சட்டப்படியான நோட்டரி முன்போ கையெழுத்திட்டு அத்தாட்சி பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. பவரில் என்னென்ன செய்யலாம் என்பதைக் குத்தகை, மின் இணைப்பு, வங்கிக் கணக்கு, துறை மனு என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். விற்கும் அதிகாரம் தேவையில்லை என்றால் சேர்க்க வேண்டாம். அது இல்லாமலிருப்பது மாமனுக்கும் பாதுகாப்பு.

நம் வட்டாரத்து நிலமும் நீரும்

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைப்பது இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. சிப்காட் பூங்காக்களுக்கு நிலம் எடுக்க 1997-ல் தனிச் சட்டமே வந்தது. 2022-ல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்தப் பக்கத்துக் கிராமங்களின் நிலையும் வேறு. சர்வே எண்ணைக் கொண்டுபோய், நில எடுப்பு அறிவிப்பில் இருக்கிறதா என்று வருவாய்த் துறையிலும் சிப்காட்டிலும் கேட்டு விடுவது நல்லது. மூன்றாண்டு மீன் வளர்த்த பின் நிலம் எடுக்கப்பட்டால் நஷ்ட ஈடு நில உரிமையாளருக்குத்தான் முதலில் போகும். குத்தகைக்காரர் குளம் வெட்டிய செலவுக்கு நடையாய் நடக்க வேண்டும்.

அடுத்து நில அளவை வரைபடம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து நிலங்கள் ஏரிப் பாசனத்தால் ஆனவை. பட்டா நிலத்துக்கு நடுவிலேயே ஓடை, வாய்க்கால் புறம்போக்கு கோடு போல் ஓடும். தரையில் வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், வரைபடத்தில் இருக்கும். அதன்மேல் கரை போட்டால் ஆக்கிரமிப்பு. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் வந்த சட்டம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதில் யாரும் சலுகை காட்டுவதில்லை.

செம்பரம்பாக்கம் ஏரி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, சென்னைக்குக் குடிநீர். அதற்கு நீர் கொண்டு வரும் கால்வாயிலிருந்து எடுப்பதோ, குளத்துக் கழிவு நீரை அதில் விடுவதோ நினைத்தும் பார்க்கக் கூடாதவை. ஆழ்குழாய்க் கிணறு போடுவதென்றால், சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் (1987) பொருந்தும் கிராமங்களின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அனுமதி பெற்றே போட வேண்டும். மின் இணைப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பயிருக்கென்று கொடுத்த இலவச மின்சாரத்தில் குளத்து மோட்டாரை ஓட்டலாமா என்பதை மின்வாரியப் பொறியாளரிடம் மனுவாகக் கேட்டு, எந்தக் கட்டண விகிதம் என்று பதில் வாங்கிய பிறகே ஓட்டுங்கள்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த இடம் என்பதால் தண்ணீரைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். கார அமிலத் தன்மை 7-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால் கெண்டை இனத்துக்கு நல்லது. நீரில் கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இவை சாதாரணச் சோதனைகள். நம் இடத்தில் ஈயம், குரோமியம் போன்ற கன உலோகங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

குளம் வெட்டும் மண்ணும் ஒரு சங்கதி. அதே நிலத்தில் கரை போடப் பயன்படுத்துவது வேறு. லாரியில் ஏற்றி மனைக்கட்டுக்கு விற்பது வேறு. வெளியே போகும் மண் சிறு கனிமம். சுரங்கத் துறை அனுமதியும் நடைச்சீட்டும் இல்லாமல் போனால் வண்டி பறிமுதல், வழக்கு. "மண்ணை நாங்களே எடுத்துக்கொண்டு குளத்தை இலவசமாக வெட்டித் தருகிறோம்" என்று வருகிறவர்களிடம் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

சொந்தக் குளமே வேண்டாம், ஊராட்சி ஏரியின் மீன்பாசி ஏலம் எடுத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதில் கிடைப்பது மீன் பிடிக்கும் உரிமை மட்டும். பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பதை ஏலதாரர் தடுக்க முடியாது. சித்திரையில் ஏரி வறண்டால் அதுவும் அவர் கணக்குத்தான்.

கடலோரச் சட்டம் இங்கே வராது

இறால் பண்ணை வழக்கைக் கேள்விப்பட்டவர்கள் எல்லா மீன் பண்ணைக்கும் சென்னையிலுள்ள ஆணையத்தில் பதிவு வேண்டும் என்பார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பளித்தது. தஞ்சை, நாகைப் பக்கத்தில் இறால் குளங்களால் நெல் வயலும் குடிநீரும் உப்பானதுதான் வழக்கின் வேர். அதையொட்டி வந்த ஏற்பாடுகள் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் ஆயின. அது உயர் அலைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் உப்பு நீரில் செய்யும் வளர்ப்புக்கு உரியது. இருங்காட்டுக்கோட்டை நன்னீர்க் குளம் அதில் சேராது. ஆனால் அந்த வழக்கின் பாடம் நமக்கும் உண்டு: பக்கத்து வயலில் நீர் கசிந்து பயிர் கெட்டால், துறை அனுமதி இருந்தும் பயன் இல்லை. எல்லையில் இடம் விட்டுக் கரை போடுங்கள்.

உள்நாட்டுக் குளத்துக்குப் போக வேண்டிய இடம் மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகம். அங்கே மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமையில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பட்டா, சிட்டா, வரைபடம், குத்தகையானால் பதிவுப் பத்திரம், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கையில் கொண்டு போங்கள். மத்திய அரசு 2020-ல் தொடங்கிய மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 60 சதவீதமும் மானியம் வைத்தார்கள். இப்போது எந்தத் திட்டத்தில் எவ்வளவு நிதி இருக்கிறது என்பதை அலுவலகத்திலேயே கேட்டறியலாம். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்து, ஆய்வு நடந்த பிறகு வருவது. அதை நம்பி ஜே.சி.பி.க்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. குறுகிய குத்தகைக்கு மானியம் கிடைப்பதும் கடினம்.

எந்த மீன், எந்தக் குஞ்சு

கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை, சாதாக்கெண்டை ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டாம். ஆப்பிரிக்கன் கெளுத்தியைத் தொடவே கூடாது. சில ஊர்களில் ஆப்பிரிக்கன் தேளி என்பார்கள். 2000-லிருந்தே தடை செய்யப்பட்டது. நம் நாட்டு மீன்களைத் தின்று ஏரிக்கு ஏரி பரவக்கூடியது. கோழிக் கழிவைப் போட்டாலே வளரும் என்பதால் ஆசை காட்டுவார்கள். கண்டுபிடித்தால் குளத்தோடு அழிப்பார்கள், நஷ்ட ஈடு கிடையாது. திலேப்பியாவில் மேம்படுத்திய ரகத்துக்கு மாநில மீன்வளத்துறையின் அனுமதியும், அங்கீகாரம் பெற்ற குஞ்சுப் பண்ணையின் ரசீதும் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மருமகன், "இங்கே நல்ல ரகம் இருக்கிறது, வரும்போது பையில் கொண்டு வருகிறேன்" என்று சொல்லக்கூடும். உயிர் மீனோ முட்டையோ கொண்டுவர மத்திய அரசின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். புது இனம் என்றால் அதற்கான தேசியக் குழுவின் ஒப்புதலும், தனிமைப்படுத்திச் சோதிப்பதும் உண்டு. 2009-ல் வனாமி இறாலை அனுமதித்தபோதே, தாய் இறால்களை நீலாங்கரையில் அதற்கென்று அமைத்த கூடத்தில் வைத்துப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். விமான நிலையத்தில் பிடிபட்டால் பை போவதோடு முடியாது.

வரியும் கடையும்

நெல் விற்ற பணம் போல மீன் விற்ற பணமும் வரிவிலக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மீன் வளர்ப்பு வருமானம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் அல்ல. கணக்கு எழுதி, வரி கட்ட வேண்டியது. வெளிநாட்டில் இருப்பவரின் பங்கு அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்குப் போக வேண்டும். அங்கிருந்து வெளியே அனுப்பும்போது பட்டயக் கணக்காளர் சான்று கேட்பார்கள். உண்டியலில் வந்த பணத்துக்கும் கையில் கொடுத்த லாபத்துக்கும் பின்னால் சான்று உண்டாக்க முடியாது.

சரக்கு, சேவை வரியில் உயிர் மீனுக்கும், புதிய மற்றும் ஐஸ் வைத்த மீனுக்கும், மீன் குஞ்சுக்கும் வரி இல்லை. உறைய வைத்துப் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டினால் 5 சதவீதம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் (2006) வளர்ப்பவருக்கும் விற்பவருக்கும் வேறு வேறு நிலை. பண்ணை அளவில் மீன் வளர்ப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த மீனைக் கடையில் வைத்து விற்கும் கணமே பொருந்திவிடும். மளிகைக்குப் பெற்ற பதிவுச் சான்றில் மீன் வகை சேர்ந்திருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் சேர்த்து வாங்க வேண்டும். 2018-ல் கேரளத்திலும் சென்னையிலும் ஃபார்மலின் கலந்த மீன் பற்றிய பரபரப்பு எழுந்தபோது அதிகாரிகள் முதலில் கேட்டது கொள்முதல் ரசீதைத்தான். சொந்தக் குடும்பத்துப் பண்ணை என்று ரசீது போடாமல் இருந்துவிடாதீர்கள். தேதி, எடை, மீன் வகை, விலை எழுதிய ரசீது ஒவ்வொரு நாளும் வேண்டும். கடைக்கும் பண்ணைக்கும் ஒரே குடும்பம் உரிமையாளர் ஆனாலும் இரண்டு கணக்குப் புத்தகம், இரண்டு வங்கிக் கணக்கு வையுங்கள். முத்திரையிட்ட தராசு பண்ணைக் கரையிலும் ஒன்று இருக்கட்டும். ஈரத்தோடு நிறுத்து ஏற்றும் மீன் கடைக்கு வருவதற்குள் எடை குறையும், அந்த வித்தியாசத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை முதல் நாளே மருமகனோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.